என்ன வருஷத்து வண்டி?

பிப்ரவரி 4, செவ்வாய்

சர்வீஸுக்குப் போன வண்டி இன்று காலை குன்னூர் வந்து சேர்ந்தது. கோயம்புத்தூர் ஒர்க்‌ஷாப்பின் டிரைவர் ஓட்டிவந்து சாவியைக் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் பஸ் பிடிக்க ஓடினான்.

கியரை D-க்குத் தள்ளினால் வண்டி உடனே நகர்வதில்லை. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் சும்மா நிற்கிறது. பிறகு முதுகில் யாரோ உதைத்தது போலக் கிளம்புகிறது. கொடுத்தபோது இப்படி இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றத்தான் கொடுத்தேன். வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

யாரிடம் சொன்னேன் என்பதுதான் கேள்வி. ஒர்க்‌ஷாப் முதலாளி திவாகர், நான் பேசப் பேச, பக்கத்தில் நின்ற என் தம்பி சென்னியப்பனைப் பார்த்துத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தான். வண்டி என்னுடையது. எஸ்டேட் டைரக்டர் ஒருவரிடமிருந்து நான் வாங்கியது. ஜெர்மன் கார், 1981 மாடல், ஆட்டோமேட்டிக். மூன்று வயதில் போலியோவில் என் இடது கால் போய்விட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடி வாங்கினேன். அப்போதெல்லாம் இந்த ஊரில் அப்படி ஒரு வண்டி கிடைப்பதே குதிரைக்கொம்பு. அன்றிலிருந்து இந்த மலையில் நான்தான் ஓட்டுகிறேன். சென்னியப்பன் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவே. ஆனாலும் ஃபில்டரைப் பற்றிய பேச்சு பெண்பிள்ளை என்னோடு அல்ல, அவனோடுதான் நடக்க வேண்டுமாம்.

நான் சார்பதிவாளராக இருந்த காலத்தில் என் முகத்தைப் பார்க்காமல் பேசியவர்கள், போலிப் பத்திரத்தோடு வந்தவர்கள் மட்டும்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

தபால் ஆபீஸ் ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் சுற்றவில்லை. பின்னால் உருண்டது. பிரேக்கும் கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு கடலை வண்டியின் மேல் லேசாகப் பட்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

யார் சொன்னார்களோ தெரியவில்லை, விடிந்ததும் சென்னியப்பன் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து நின்றான். ஹார்டுவேர் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறான். கடலைக்காரர் தங்கவேலுவைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தானாம். எதற்கு என்று கேட்டேன். சும்மாதான் என்றான். அவருடைய தள்ளுவண்டிக்குப் புதுச் சக்கரம் போட ஏற்பாடு செய்துவிட்டானாம். அதை நான் செய்ய மாட்டேனா? எனக்கு முன்னால் ஓடிப்போய்ச் செய்ய இவன் யார்?

ரெக்கவரி வண்டியில் என் காரைக் கட்டி ஏற்றினார்கள். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பிரேக்கையும் பார்க்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

படுக்கையை மாடியிலிருந்து கீழ் அறைக்கு மாற்றிவிட்டேன். மாடியில் இந்த மாதம் வெயிலே வருவதில்லை. போன வாரம் வாங்கிய செருப்பும் சரியில்லை. அடி தரையில் உரசுகிறது. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

கியர்பாக்ஸ் போய்விட்டதாம். திவாகர் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு அல்ல, தம்பிக்கு. தம்பி எனக்குச் சொன்னான். குரலில் ஒரு கனிவு. துக்கம் விசாரிக்கிறவர்களின் கனிவு. பழைய வண்டி, பாகம் கிடைக்காது, வீட்டில் காட்சிக்கு வைத்துக்கொள்ள ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமே என்றான். எங்காவது போக வேண்டுமென்றால் டிரைவர் வைத்துக்கொள்ளலாமாம்.

ஆயில் மாற்றப் போன வண்டிக்குக் கியர்பாக்ஸ் போகிறது. பல் சுத்தம் செய்யப் போனவளுக்குத் தாடையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். கேட்டால் வயதாகிவிட்டது என்பார்கள்.

பிப்ரவரி 15, சனி

மூன்று நாளாக உதிரிபாகக் கடைக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டுகிறேன். கோயம்புத்தூர், சென்னை, கொச்சி. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "என்ன வருஷத்து வண்டி?" 1981 என்கிறேன். ஒருவர் ஒரு ஃபில்டரின் படத்தை அனுப்புகிறார், மூன்று திருகு ஓட்டை. அடுத்தவர் வேறொன்று அனுப்புகிறார், அது உயரமாக இருக்கிறது, வாய் வேறு பக்கம் இருக்கிறது. இரண்டும் 1981-க்குத்தானாம். எது சரி என்றால், போட்டுப் பாருங்கள், பொருந்தினால் அதுதான் என்கிறார்கள். என்ன ஒரு விளக்கம்.

கொச்சிக்காரர் ஒருவர்தான் கொஞ்சம் பொறுமையாகப் பேசினார். அந்த ஆண்டில் கம்பெனி கியர்பாக்ஸை மாற்றிக்கொண்டிருந்ததாம். ஒரே ஆண்டில் வந்த வண்டிகளில் சிலவற்றில் பழைய கியர்பாக்ஸ், சிலவற்றில் புதியது. அடியில் இருக்கும் ஆயில் தட்டு ஒன்றில் ஆழம், மற்றதில் ஆழம் குறைவு. வருஷத்தை வைத்து ஃபில்டர் வாங்கக் கூடாது, கியர்பாக்ஸ் உடம்பில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்றார்.

ஆழமான தட்டில் குட்டையான ஃபில்டரைப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். சமதளத்தில் சமாளித்துவிடும், ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், ஃபில்டரின் வாய் ஆயிலுக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சும், பிறகு வண்டி எப்படி இழுக்கும் என்றார்.

நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபத்தில்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

யாருக்கும் சொல்லாமல் டாக்ஸியில் கோயம்புத்தூர் போனேன்.

என் வண்டி ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம், வேப்பமரத்தடியில், காக்கை எச்சத்தோடு நின்றது. கழற்றிப் பார்த்த அடையாளமே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு கியர்பாக்ஸ் ஆயில் குச்சியை எடுக்கச் சொன்னேன். சிவப்பாக, தெளிவாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டு வந்தது. பேக்கரியில் தரும் மில்க்‌ஷேக் மாதிரி. இது என்ன என்றேன். திவாகர் வழக்கம்போல என் பக்கத்தில் யாராவது ஆண் நிற்கிறாரா என்று தேடினான். டாக்ஸி டிரைவர்தான் நின்றார். அவரைப் பார்த்துச் சொன்னான், பழைய வண்டி சார் என்று.

அன்று வண்டியைக் கொண்டுவந்து விட்ட டிரைவரும் அங்கே இருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மலை ஏறும்போது சில வளைவுகளில் இழுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். அதைத் தெரிந்துகொண்டே சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறான்.

திவாகரிடம் கேட்டேன். "தட்டையே திறக்கல. அப்புறம் கியர்பாக்ஸ் போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். எதிரில் நின்று பொய் சொல்கிறவர்களை முப்பது வருஷம் பார்த்தவள் நான். அடுத்த வார்த்தை வருகிறவரை பேசாமல் இருந்தால் போதும், அவர்களாகவே கொட்டிவிடுவார்கள்.

"உங்க தம்பிதானுங்கம்மா அப்படிச் சொல்லச் சொன்னாரு. நீங்க இனி ஓட்ட வேண்டாம்னு. நான் என்னங்க பண்றது?"

பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னான். அவன் என்னத்தைக் கண்டான்.

வண்டியைக் குன்னூருக்கே ஏற்றி அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தம்பி கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நேரில் வந்துவிட்டான். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டுக்கொண்டான்.

என்னைவிட எட்டு வயது சின்னவன். இவனைக் காலேஜில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டது நான். இவன் கடைக்கு இடம் பார்த்து வில்லங்கம் பார்த்துக் கொடுத்தது நான். எனக்குத் தெரியாமல் ஒரு மூன்றாம் மனிதனிடம் போய், என் அக்காவிடம் பொய் சொல் என்று சொல்லியிருக்கிறான். அதைத்தான் கேட்டேன். ஃபில்டரைத் தப்பாகப் போட்டது திவாகரின் கவனக்குறைவு. அது கடையில் நடக்கிற தப்பு. இது வீட்டில் நடந்த துரோகம். குட்டை ஃபில்டர் காற்றை உறிஞ்சியதால்தான் வண்டி உருண்டது, என் கையில் ஒரு பிசகும் இல்லை, புரிகிறதா என்று கேட்டேன்.

புரியுது என்றான்.

"வண்டி உருண்டதுக்கு ஃபில்டர் காரணம்க்கா. சரி. அது நிக்காததுக்கு?"

பிரேக் இறுகியிருந்தது என்றேன். பிரேக்கை நாலு பேர் மிதித்துப் பார்த்துவிட்டார்கள் என்றான். அன்று தங்கவேலு எகிறிக் குதிக்காமல் இருந்திருந்தால், வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் மாட்டியிருப்பார் என்றும் சொன்னான். தங்கவேலுவே அவனிடம் சொன்னாராம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள் என்று என்னைத்தான் சொன்னாராம்.

"பொங்கலுக்கு வந்தப்பவே பாத்தேன். படி ஏறறப்ப வலது காலைக் கையால தூக்கி வச்சே. நான் பாக்கலேன்னு நெனச்சே."

வெளியே போ என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

அவன் கொண்டுவந்த முறுக்கு டப்பா மேசையில் அப்படியே இருக்கிறது. யார் கேட்டார்கள் முறுக்கு?

பிப்ரவரி 26, புதன்

வண்டி இப்போது பெள்ளியின் ஷெட்டில் நிற்கிறது. எஸ்டேட் ஜீப்புகளுக்கு வேலை பார்க்கிறவர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை நான் தொட்டதே இல்லை மேடம், எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெரியாது என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாயிற்று. தட்டைத் திறக்கத் தெரியுமா என்றேன். அது தெரியும் என்றார். அது போதும் என்றேன்.

அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டியிருக்கும் குழியின் மேல் வண்டியை நிறுத்தினோம். ஓரத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொண்டேன். முதலில் கியர்பாக்ஸ் நம்பரைப் போனில் படம் எடுக்கச் சொன்னேன். அழுக்கைத் துடைத்து, உடம்பில் அடித்திருந்த எண்ணை அவர் எடுத்துக் காட்டினார். கொச்சிக்காரரிடம் படித்துச் சொன்னேன். பழைய கியர்பாக்ஸ். ஆழமான தட்டு.

பிறகு ஆயிலை வடித்துத் தட்டை இறக்கினார். உள்ளே பார்த்தேன். இத்தனை வயதுக்கு வாயில் வரக் கூடாத வார்த்தை வந்துவிட்டது. பெள்ளி கேட்காதது போல இருந்தார்.

ஃபில்டர் குட்டை மட்டுமல்ல. மூன்று திருகில் இரண்டுதான் பொருந்தியிருக்கிறது. மூன்றாவது ஓட்டை நேராக வரவில்லை என்று அரத்தால் ராவிப் பார்த்திருக்கிறார்கள். அப்படியும் வரவில்லை என்றதும் திருகே போடாமல் விட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் லேசாகத் தொங்குகிறது. பொருந்தவில்லை என்று அது தன்னால் முடிந்த மட்டும் சொல்லியிருக்கிறது. கேட்க ஆளில்லை. இதைப் போட்டவனுக்கும் கண் இருக்கிறது, கை இருக்கிறது, மாலையில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

தட்டின் மூலையில் இரும்புத் துகளைப் பிடிக்க ஒரு காந்தம் உண்டு. கியர்பாக்ஸ் போயிருந்தால் அதில் உடைந்த துண்டுகள் ஒட்டியிருக்கும். வழித்துப் பார்த்தோம். மை மாதிரி மெல்லிய சாம்பல் படிவு மட்டும்தான். வேறொன்றும் இல்லை. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது.

பெள்ளி குழிக்குள் இருந்து மேலே ஏறி வந்து, நான் எழுந்திருக்கக் கை நீட்டினார். வேண்டாம் என்றேன். பிறகு பிடித்துக்கொண்டேன். குழியின் ஓரம் ஆயில் வழுக்குகிறது.

மார்ச் 5, புதன்

சென்னையிலிருந்து பார்சல் வந்தது. எண்ணைச் சொல்லி, எழுத்துக்கு எழுத்துப் படித்துக் காட்டி, படமும் அனுப்பி வரவழைத்தது. பிரித்தால் மறுபடியும் குட்டை ஃபில்டர். போனில் கேட்டால், 1981 என்று சொன்னீர்களே மேடம் என்கிறார். நான் சொல்லவே இல்லை. அவராகவே வண்டியின் பெயரை வைத்து வருஷத்தைத் தேடிப் போட்டிருக்கிறார்.

கத்திவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு மட்டும் எல்லோரும் சரியான அளவில் வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 8, சனி

கொச்சிக்காரரிடமே சொல்லிவிட்டேன். அவரிடம் இரண்டு வகை இருக்கிறது. இரண்டும் உயரம் சரி, ஓட்டை சரி. ஒன்று வெறும் கம்பி வலை. கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்ளலாம், ஆயுசுக்கும் ஒன்றே போதும் என்று பெள்ளி அதையே வாங்கச் சொல்கிறார். மற்றது உள்ளே கம்பளி மாதிரி அடுக்கு வைத்து மூடியது. நான் இரண்டாவதைச் சொன்னேன். கம்பி வலை பெரிய துகளைத்தான் நிறுத்தும். காந்தத்தில் நான் பார்த்த மை போன்ற துகள் வலை வழியாகப் புகுந்து போய்விடும். பழைய கியர்பாக்ஸைத் தேய்ப்பது அதுதான். தட்டுக்குப் புது ரப்பரும் சேர்த்து அனுப்பச் சொன்னேன்.

சென்னியப்பனிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. நல்லது.

மார்ச் 12, புதன்

பொருந்தியது. மூன்று திருகும் விரலால் சுழற்றியதுமே உள்ளே இறங்கின. பிறகுதான் பெள்ளி ஸ்பானரை எடுத்தார். புது ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, குச்சியில் அளவு பார்த்து நிரப்பினோம். நுரை இல்லை. மாதுளைச் சாறு மாதிரி தெளிவு.

D-க்குத் தள்ளியதுமே வண்டி பிடித்துக்கொண்டது. ஷெட்டுக்குப் பின்னால் எஸ்டேட்டின் மண் ஏற்றம் இருக்கிறது, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அதில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடியும் கிளப்பினேன். ஒரு இழுப்பில் போய்விட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கியர்பாக்ஸ் போச்சாம்.

அத்தோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். வரவில்லை.

இறங்கி வந்து, ஷெட்டின் முன்னால் இருக்கும் சமதளத்தில் பெள்ளியைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் ஓரமாக நிற்கச் சொன்னேன். வண்டி மெதுவாக வரும்போது அவர் கையைக் காட்ட வேண்டும், கை எழுந்ததும் நான் நிறுத்த வேண்டும். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

கை எழுந்தது. காலை எடு என்று நினைத்தேன். கால் ஆக்சிலேட்டரின் மேலேயே இருந்தது. பிறகு மெல்ல நகர்ந்து, பிரேக்கின் ஓரத்தில் இடித்து, மேலே ஏறியது. வண்டி பெள்ளியைக் கடந்து போய்த்தான் நின்றது. மறுபடியும் செய்தோம். செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்தேன். அப்போதும் கடந்து போய்த்தான் நின்றது.

பிரேக் பஞ்சு மாதிரி மிருதுவாக இருக்கிறது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

பெள்ளி வந்து ஜன்னல் பக்கம் நின்றார். "நான் ஓட்டிட்டு வந்து வீட்ல விடறேன் மேடம்" என்றார். சரி என்றேன்.

மார்ச் 13, வியாழன்

அறுபது வருஷத்துக்கு மேல் ஒரே காலில் இரண்டு காலின் வேலையை வாங்கினால் அது களைத்துப்போகத்தான் செய்யும் என்று டாக்டர் போன ஐப்பசியிலேயே சொன்னார். போலியோ வந்தவர்களுக்கு வயதான பிறகு நல்ல காலும் சோர்ந்துபோவது உண்டு என்றார். அந்த டாக்டருக்கு வயது முப்பதுகூட இருக்காது. அதனால் நான் அதை இங்கே எழுதவில்லை.

இன்னும் அநியாயமாகத்தான் படுகிறது. ஒரு காலை எடுத்துக்கொண்டது போதாதா? யாரிடம் போய்ச் சண்டை போடுவது? திவாகரிடம் போடலாம், சென்னைக் கடைக்காரரிடம் போடலாம். இதற்கு ஒரு ஆள் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

தம்பியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நீ செஞ்சது அயோக்கியத்தனம். அது வேற" என்றேன். "கையால பிரேக் பிடிக்கற மாதிரி லீவர் வச்சுக் குடுக்கறவங்க கோயம்புத்தூர்ல இருக்காங்களாம். யாருன்னு விசாரி."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, விசாரிச்சாச்சுக்கா, மாசியிலேயே விசாரிச்சு வச்சிருக்கேன் என்றான். ஏன் சொல்லவில்லை என்றேன். நீதான் வெளியே போகச் சொன்னியே என்றான்.

மார்ச் 25, செவ்வாய்

லீவர் பொருத்தி வண்டி வந்துவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு தடி. முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்ததால் வேலை எளிதாக முடிந்தது என்று பொருத்தியவர் சொன்னார். இந்த முறை திவாகர் பக்கமே போகவில்லை. பொருத்தியவர் திருகுகளை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தார்.

போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியையும் என்னையும் பார்த்து, வண்டியின் ஆர்.சி. புத்தகத்திலும் என் லைசென்சிலும் குறித்துக் கொடுத்த பிறகுதான் சாலையில் ஓட்டலாமாம். அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். இந்த மலையில் அவர்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓட்டுகிறேன். சரி. அதுவரை எஸ்டேட் மேனேஜர் அவர்களுடைய சொந்தப் பாதையில் பழகிக்கொள்ள அனுமதி கொடுத்திருக்கிறார்.

மார்ச் 29, சனி

சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். வர வேண்டாம் என்றேன். வந்தான்.

புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிற அவமானத்தை இந்த வயதில் யாரும் படக் கூடாது. தள்ள வேண்டிய இடத்தில் இழுக்கிறேன். வண்டி தவளை மாதிரி குதிக்கிறது. வலது கால் சும்மா இராமல் தேடிக்கொண்டே இருக்கிறது. சென்னியப்பன் முன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான். அப்படிப் பிடிக்காதே, எனக்கு எரிச்சலாக வருகிறது என்றேன். ஒரு கையை எடுத்தான்.

மூன்று சுற்றுப் போன பிறகு கை கொஞ்சம் படிந்தது. நாலாவது சுற்றில், மேல் வளைவு திரும்பி ஏறிக்கொண்டிருந்தபோது, தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை பாதைக்கு இறங்கியது. நல்ல பெரிய ஆண். ஓடி வரவில்லை. தன் வீட்டு முற்றத்துக்கு வருவது போல வந்து நடுவில் நின்றது.

நான் யோசிக்கவில்லை. கை முன்னால் போயிருந்தது. வண்டி நின்றுவிட்டது. ஏற்றத்தில், பின்னால் ஒரு விரல்கடைகூட உருளாமல் நின்றது. எருமைக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னொரு வண்டி நிற்கலாம், அவ்வளவு இடம் இருந்தது.

சென்னியப்பன் பலகையிலிருந்த இன்னொரு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எருமை எங்களைப் பார்த்தது. ஹாரன் அடிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்க்கா, அதுவா போகட்டும்" என்றான். அதுவும் ஒரு இலையைக் கடித்தது, வாலை ஆட்டியது, இன்னொரு இலையைக் கடித்தது. கையில் லீவரை அழுத்திப் பிடித்தபடியே காத்திருந்தேன். தோள் வலித்தது. எடுக்கவில்லை. கடைசியில் அது கீழ்ச்சரிவில் இறங்கி மறைந்தது.

லீவரை என் பக்கம் இழுத்தேன். வண்டி ஏறியது.